லேசர் டிஸ்க்கைக் கணினிக்கு மாற்ற எந்த இணைப்பு: காம்போசிட்டா, எஸ்-வீடியோவா, ஆர்எஃப்பா?

லேசர் டிஸ்க் பிளேயரைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தால், படத்துக்கென்று பெரும்பாலும் இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். மஞ்சள் நிறத்தில் இருப்பது காம்போசிட். நான்கு ஊசிகள் நுழையும்படி வட்டமாகச் சிறிதாக இருப்பது எஸ்-வீடியோ. விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிப் பழகியவர்கள் யோசிக்காமலே எஸ்-வீடியோ கேபிளை எடுத்துச் செருகுவார்கள். கேசட்டுக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அதே பழக்கத்தை லேசர் டிஸ்க்குக்கும் கொண்டுவந்தால் பல நேரங்களில் படம் கெடுகிறது. நானும் முதலில் கையில் இருந்த டிஸ்க்குகள் அத்தனையையும் எஸ்-வீடியோ வழியாகவே பதிவு செய்தேன். பிறகு காரணம் புரிந்து, பாதிக்கு மேற்பட்டவற்றை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட வேண்டியதாயிற்று. அந்த உழைப்பு மற்றவர்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், டிஸ்க்கில் இருப்பது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிலிப்ஸும் எம்சிஏவும் உருவாக்கி 1978 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த 30 சென்டிமீட்டர் டிஸ்க், பார்வைக்குப் பெரிய சிடி போலத் தெரிந்தாலும், அதன் படம் டிஜிட்டல் அல்ல. டிஸ்க்கின் நுண்ணிய குழிகளின் நீளமும் இடைவெளியும் ஒரு அனலாக் அலையைத்தான் சுமக்கின்றன. என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் அனலாக் டிவி முறை) டிஸ்க்கில் அந்த அலையின் அதிர்வெண், வரிகளின் தொடக்கத்தைக் குறிக்கும் ஒத்திசைவுத் துடிப்பின் அடிமட்டத்தில் 7.6 மெகாஹெர்ட்ஸாகவும், முழு வெண்மையில் 9.3 மெகாஹெர்ட்ஸாகவும் இருக்கும்படி ஏறி இறங்குகிறது. இப்படி ஏற்றி இறக்கிப் பதியப்பட்டிருப்பது, ஒளிர்வும் வண்ணமும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்த முழுக் காம்போசிட் சிக்னல். ஆகவே லேசர் டிஸ்க்கில் காம்போசிட் என்பது தரம் குறைந்த ஒரு வெளியீடு அல்ல. டிஸ்க்கின் மூல வடிவமே அதுதான்.

விஎச்எஸ் கேசட்டில் நிலைமை வேறு. அங்கே வண்ணத்தை ஒளிர்விலிருந்து பிரித்து, ஏறத்தாழ 629 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழிறக்கித் தனியாகப் பதிகிறார்கள். தனித்தனியாக இருப்பதைத் தனித்தனியாகவே வெளியே எடுக்கிற எஸ்-வீடியோவுக்கு அங்கே உண்மையான பயன் உண்டு. ஆர்சிஏ நிறுவனம் 1981-ல் கொண்டுவந்த, ஊசி கொண்டு படிக்கும் சிஇடி வீடியோ டிஸ்க்கும் வண்ணத்தை 1.53 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிப் புதைத்து வைக்கும் வேறொரு முறையைக் கையாண்டது. எனவே இங்கே சொல்வது அதற்கு அப்படியே பொருந்தாது. லேசர் டிஸ்க்கில் எஸ்-வீடியோ சாக்கெட் இருக்கிறது என்றால், பிளேயருக்குள் இருக்கும் ஒரு சர்க்யூட் கலந்த சிக்னலைப் பிரித்து அந்தச் சாக்கெட்டுக்கு அனுப்புகிறது என்றே பொருள். எந்தக் கேபிள் உயர்ந்தது என்று கேட்பதைவிட, இந்தப் பிரிக்கும் வேலையை எங்கே, எதைக் கொண்டு செய்யப்போகிறோம் என்று கேட்பதே சரி. எஸ்-வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் பிளேயர் பிரிக்கிறது. காம்போசிட்டைத் தேர்ந்தெடுத்தால், அனலாக் படத்தைக் கணினிக்கு ஏற்ற எண்களாக்கும் கேப்சர் கருவி பிரிக்கிறது. ஆர்எஃப் வழியே, அதாவது டிகோடிங்குக்கு முந்தைய மூல அலையை எடுத்துக்கொண்டு போனால், பதிவெல்லாம் முடிந்த பிறகு, நாம் விரும்பும் நேரத்தில், கணினியில் ஒரு மென்பொருள் பிரிக்கிறது.

பிரிக்கும் சர்க்யூட்டுக்குக் காம்ப் ஃபில்டர் என்று பெயர். என்டிஎஸ்சியில் வண்ணத்தைச் சுமக்கும் சப்கேரியர் 3.58 மெகாஹெர்ட்ஸில், ஒரு வரிக்குச் சரியாக 227.5 சுற்றுகள் சுற்றுகிறது. அந்த அரைச் சுற்றினால், அடுத்தடுத்த இரண்டு வரிகளில் வண்ண அலை ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கும். இரண்டு வரிகளையும் கூட்டினால் வண்ணம் அடிபட்டு ஒளிர்வு மிஞ்சும். கழித்தால் ஒளிர்வு அடிபட்டு வண்ணம் மிஞ்சும். இரண்டு வரிகளிலும் படம் ஒரே மாதிரி இருக்கிற வரை இது அழகாக வேலை செய்யும். மேல் வரியில் சிவப்பும் கீழ் வரியில் பச்சையும் வந்தால் கணக்குத் தப்பிவிடும். ஒரு முழுப் படச்சட்டத்துக்கும் 119437.5 சுற்றுகள் என்பதால் அங்கேயும் அதே அரைச் சுற்று மிஞ்சுகிறது. ஆகவே வரிகளை ஒப்பிடுவதற்குப் பதிலாக அடுத்தடுத்த சட்டங்களை ஒப்பிட்டால், அசையாத காட்சியில் பிரிப்பு ஏறக்குறைய முழுமையாகவே அமைகிறது. இதைச் செய்வதுதான் 3டி காம்ப் ஃபில்டர். அசைவு வந்ததும் அது வரிகளை ஒப்பிடும் முறைக்கு இறங்கிக்கொள்ள வேண்டும். அந்த அசைவை எவ்வளவு நன்றாகக் கண்டுகொள்கிறது என்பதில்தான் ஃபில்டருக்கு ஃபில்டர் தரம் மாறுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருந்த பால் (PAL) என்ற டிவி முறையில் சப்கேரியரும் வரியும் இத்தனை எளிய விகிதத்தில் அமையவில்லை. என்டிஎஸ்சியில் 4 ஃபீல்டுகளுக்கு (ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் மட்டும் கொண்ட அரைச் சட்டங்களுக்கு) ஒரு முறை திரும்பும் வரிசை, பாலில் 8 ஃபீல்டுகளுக்கு ஒரு முறைதான் திரும்புகிறது. எனவே பாலில் நல்ல பிரிப்பு இன்னும் கடினம்.

பிரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, என்னிடம் இருக்கும் ஓர் ஆவணப்பட டிஸ்க்கில் ஒரே ஒரு காட்சி போதும். மெல்லிய கோடு போட்ட சட்டை அணிந்த ஒருவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து பேசுகிறார். அவருக்குக் கீழே சிவப்புப் பட்டையில் அவர் பெயர் தெரிகிறது. மலிவான யூஎஸ்பி கேப்சர் கருவியில் காம்போசிட் வழியாக எடுத்தபோது, அந்தச் சாம்பல் நிறக் கோடுகளின் மேல் மங்கிய ஊதாவும் பச்சையும் வானவில்லைப் போலப் புரண்டுகொண்டே இருந்தன. கோடுகளின் நெருக்கம் 3.58 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் விழுந்ததால், ஒளிர்வை வண்ணமென்று ஃபில்டர் தவறாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது. சிவப்புப் பட்டையின் மேல் விளிம்பில் ஒரு வரிசைப் புள்ளிகள் எறும்புச் சாரியைப் போல ஊர்ந்தன. அங்கே வண்ணம் ஒளிர்வுக்குள் கசிந்திருக்கிறது. அதே டிஸ்க்கை அதே கருவியில் எஸ்-வீடியோ வழியாக எடுத்தபோது வானவில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் புள்ளிகள் இருந்தன, எழுத்தின் கூர்மையும் சற்று மழுங்கியிருந்தது. பின்னர் 3டி காம்ப் ஃபில்டர் உள்ள வேறொரு கருவியில் மறுபடியும் காம்போசிட் வழியாகவே எடுத்தேன். அவர் அசையாமல் பேசிய நேரமெல்லாம் கோடுகள் கோடுகளாகவே நின்றன, பட்டையின் விளிம்பும் சுத்தமாக இருந்தது; அவர் கையை உயர்த்தியபோது மட்டும் சட்டைக் கையில் ஒரு கணம் வண்ணம் சிதறியது. மூன்று முறையும் டிஸ்க்கும் பிளேயரும் மாறவில்லை. மாறியது பிரித்த இடம் மட்டுமே.

இதிலிருந்து காம்போசிட்டுக்கும் எஸ்-வீடியோவுக்கும் இடையிலான தேர்வைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். கையில் இருப்பது சாதாரண யூஎஸ்பி கருவி என்றால், அதன் உள்ளே இருக்கும் சிப் எளிய வரி ஒப்பீட்டோடு நின்றுவிடும். பிற்காலத்துப் பிளேயரின் ஃபில்டர் அதைவிட நன்றாக இருக்க வாய்ப்புண்டு, ஆகவே எஸ்-வீடியோவே மேல். பயனியரின் எச்எல்டி-எக்ஸ்9 போல 3டி பிரிப்பு உள்ளேயே அமைந்த உயர்ரகப் பிளேயர் ஒருவருக்குக் கிடைத்திருந்தால், அவரும் எஸ்-வீடியோவை நம்பிப் பயன்படுத்தலாம். மாறாக, நடுத்தரப் பிளேயரும் 3டி காம்ப் ஃபில்டர் உள்ள நல்ல கேப்சர் கருவியும் இருந்தால், தயக்கமின்றிக் காம்போசிட்டைத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை பிளேயர் மோசமாகப் பிரித்து எஸ்-வீடியோவாக அனுப்பிவிட்டால், அந்தத் தவற்றைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. டிஜிட்டல் நினைவகம் பொருத்திய சில பிற்கால மாடல்களில், மஞ்சள் சாக்கெட்டுக்கு வரும் சிக்னலும் உள்ளே ஒருமுறை பிரிக்கப்பட்டு, மறுபடியும் சேர்க்கப்பட்ட பிறகே வெளியே வருகிறது. அப்படிப்பட்ட பிளேயரில் காம்போசிட்டை எடுத்தால் இரண்டு முறை பிரித்த குறை வந்து சேரும். இதைக் கண்டுபிடிக்க, நல்ல கேப்சர் கருவியில் ஒரே காட்சியை இரண்டு வழியிலும் எடுத்து, ஒரே சட்டத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். எஸ்-வீடியோவில் தெரிகிற அதே புள்ளிகள் அதே இடத்தில் காம்போசிட்டிலும் தெரிந்தால், பிரிப்பு உள்ளேயே நடந்துவிட்டது என்று கொள்ளலாம்; அப்போது எஸ்-வீடியோவையே எடுத்துக்கொள்வது நல்லது. பிளேயரில் இரைச்சல் குறைப்பு வசதி இருந்தால், எந்த வழியாக எடுத்தாலும் அதை அணைத்துவிட வேண்டும். அது முகத்தின் நுண்ணிய விவரங்களை மெழுகுபோல் ஆக்கிவிடுகிறது. இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றால் பிறகு கணினியில், மூலத்தைக் கெடுக்காமல் செய்துகொள்ளலாம்.

மற்ற சாக்கெட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிவிடியும் லேசர் டிஸ்க்கும் ஒன்றாக ஓடும் கூட்டுப் பிளேயர்களில் உள்ள காம்போனென்ட் சாக்கெட்டுகள் பெரும்பாலும் டிவிடிக்கு மட்டுமே வேலை செய்யும். ஐரோப்பியப் பிளேயர்களின் ஸ்கார்ட் என்பது சாக்கெட்டின் உருவம்தான். அதனுள் ஓடுவது பெரும்பாலும் அதே காம்போசிட். காம்போசிட்டை எச்டிஎம்ஐ ஆக்கித் தரும் சிறிய மலிவான பெட்டிகளை இந்த வேலைக்கு வாங்கவே கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் ஃபீல்டுகளை அவை அவசரமாகச் சேர்த்து, அளவையும் பெருக்கி, திரும்பப் பெற முடியாத நிலைக்குப் படத்தைக் கொண்டுபோய்விடுகின்றன.

இனி ஆர்எஃப். இந்தச் சொல்லை மூன்று வெவ்வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்பதால் முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பழைய டிவியின் ஆன்டெனா சாக்கெட்டில் செருகுவதற்கான ஆர்எஃப் வெளியீடு ஒன்று. படமும் ஒலியும் ஒரு டிவி சேனலாக மாற்றப்பட்டு வருவதால், இருப்பதிலேயே மோசமானது அது. 1990-களின் பிளேயர்களில் ‘ஏசி-3 ஆர்எஃப்’ என்று எழுதியிருக்கும் சாக்கெட் மற்றொன்று. டால்பி ஒலிக்காக 2.88 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வடிகட்டித் தருவது அது, அதில் படம் கிடையாது. நாம் பேசுவது மூன்றாவது. லேசர் டிஸ்க்கிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியைப் பிளேயரின் முதல் பெருக்கி மின் அலையாக்கிய உடனே, எந்த டிகோடிங்கும் நடப்பதற்கு முன்பு, சர்க்யூட் போர்டின் சோதனைப் புள்ளியிலிருந்து ஒரு வயர் வழியாக வெளியே எடுக்கும் மூல சிக்னல். இதற்கென்று பிளேயரில் சாக்கெட் கிடையாது. பெட்டியைத் திறந்து, சால்டர் செய்து, நாமேதான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த அலையைப் பதிவு செய்வதற்கென்றே டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற திறந்தமூலக் கருவி இருக்கிறது. வினாடிக்கு 4 கோடி மாதிரிகள், ஒவ்வொன்றும் 10 பிட் என்ற அளவில் அது எண்களாக்குகிறது. அதாவது வினாடிக்கு 50 மெகாபைட், ஒரு மணி நேரம் ஓடும் சிஎல்வி (நீண்ட நேரம் ஓடும் வகை) டிஸ்க்கின் பக்கம் ஒன்றுக்கு 180 ஜிகாபைட். கேப்சர் கருவி வழியாக 720-க்கு 480 அளவில், சுருக்காமல், 8 பிட் 4:2:2 வடிவில் எடுத்தால் அதே ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட்தான் ஆகும் என்பதோடு ஒப்பிட்டால், இடத்தின் தேவை விளங்கும். பதிவு முடிந்த பிறகு எல்டி-டிகோட் என்ற திறந்தமூல மென்பொருள், பிளேயரின் எலக்ட்ரானிக்ஸ் செய்யும் வேலை அனைத்தையும் கணினியில் செய்கிறது. அதிர்வெண் ஏற்ற இறக்கத்தைப் படித்து, வரிகளின் நேரப் பிசகைத் திருத்தி, ஒளிர்வையும் வண்ணத்தையும் பிரிக்கிறது. இது மெதுவான வேலை. ஒரு பக்கத்துக்கே பல மணி நேரம் ஆகும்.

இத்தனை சிரமத்துக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? பிரிப்பைத் தள்ளிப்போட முடிவதுதான் முதல் நன்மை. இன்று ஒரு முறையில் பிரித்து, நாளை அதைவிடச் சிறந்த முறை வந்தால், டிஸ்க்கைத் தொடாமலே அதே கோப்பிலிருந்து மறுபடியும் பிரிக்கலாம். பிபிசி ஆய்வுப் பிரிவில் உருவான டிரான்ஸ்ஃபார்ம் பால் என்ற முறை இப்போது இந்த மென்பொருள் தொகுப்பில் இருக்கிறது. பால் டிஸ்க்குகளைப் பிரிப்பதில் சாதாரணக் கேப்சர் கருவிகள் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. இரண்டாவது, படத்துக்கு மேலே மறைந்திருக்கும் வரிகள். சட்ட எண், அத்தியாய எண், 21-ஆம் வரியில் வரும் வசன எழுத்துகள் ஆகியவை அங்கேதான் பதிந்திருக்கின்றன. சாதாரணக் கேப்சர் கருவி அவற்றில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடும். ஆர்எஃப் பதிவில் அவை அப்படியே இருக்கும். மூன்றாவது நன்மையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். லேசர் டிஸ்க்கின் அடுக்குகளை ஒட்டிய பசை கெட்டு, உள்ளே உள்ள அலுமினியப் படலம் அரிக்கத் தொடங்கினால், படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். ஒரே தலைப்பின் மூன்று பிரதிகள் கிடைத்து மூன்றையும் ஆர்எஃப் வழியே பதிந்துவிட்டால், சட்ட எண்களைக் கொண்டு மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பிரதியில் அழிந்த இடத்தை மற்ற இரண்டிலிருந்து நிரப்ப அந்த மென்பொருளால் முடியும். அழிந்துவரும் டிஸ்க்கைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கருவிக்கு டோம்ஸ்டே என்ற பெயர் வந்ததிலும் பொருள் இருக்கிறது. இங்கிலாந்தில் 1086-ல் எழுதப்பட்ட நிலக் கணக்கெடுப்பு நூலான டோம்ஸ்டே நூலின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசி 1986-ல் நாடு முழுவதிலிருந்தும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பங்களிப்போடு படங்களையும் குறிப்புகளையும் திரட்டி இரண்டு லேசர் டிஸ்க்குகளில் வெளியிட்டது. ஒலி இருக்க வேண்டிய இடத்தில் கணினித் தரவைப் பதிந்த எல்வி-ரோம் (LV-ROM) என்ற தனி வடிவம் அது. பிலிப்ஸின் விபி415 பிளேயரும் ஏக்கார்ன் கணினியும் சேர்ந்தால்தான் அதைப் படிக்க முடியும். அந்த டிஸ்க்கை எந்தப் பிளேயரிலிருந்தும் காம்போசிட் வழியாக எடுத்தால் நிழற்படங்கள் வரும். பள்ளிப் பிள்ளைகள் தட்டச்சு செய்த ஊர்க் குறிப்புகள் ஒன்றுகூட வராது. மூல அலையை எடுத்தால் இரண்டும் ஒரே கோப்பில் வந்துவிடும்.

வீட்டில் இருக்கும் திரைப்பட டிஸ்க்குகளிலும் இதே நிலைமை ஒலியில் வருகிறது. என்டிஎஸ்சி டிஸ்க்கில் 2.3 மற்றும் 2.8 மெகாஹெர்ட்ஸில் இரண்டு அனலாக் ஒலித்தடங்களும், அவற்றுக்குக் கீழே சிடியைப் போன்ற 44.1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஒலியும் ஒருங்கே இருக்கலாம். கிரைட்டீரியன் நிறுவனம் 1984-ல் தொடங்கிவைத்த விளக்க உரைகள் போன்றவை பெரும்பாலும் அனலாக் தடத்தில்தான் இருக்கின்றன. காம்போசிட் அல்லது எஸ்-வீடியோ வழியாக எடுப்பவர்கள் டிஜிட்டல் ஒலியை ஆப்டிகல் கேபிளில் ஒருமுறையும், அனலாக் தடங்களை இன்னொரு முறையும் தனியாகப் பதிந்து, படத்தோடு பொருத்த வேண்டியிருக்கும். பொறுமையாகச் செய்தால் முடியும். ஆனால் எந்தத் தடத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு டிஸ்க்கின் அட்டையையும் படித்துப் பார்த்துவிட்டே பதிவைத் தொடங்க வேண்டும்.

என் முடிவு இது. டிவிடியாகவோ அதற்குப் பிந்தைய வடிவிலோ வெளிவராத டிஸ்க், அரிப்பு தொடங்கிவிட்ட டிஸ்க், தரவு பதிந்த டிஸ்க், பால் டிஸ்க் ஆகியவற்றுக்கு ஆர்எஃப் வழியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளேயரைத் திறக்கும் துணிவு இல்லையென்றால், ஆர்எஃப் பதிவு செய்துதரக்கூடிய ஒருவர் கிடைக்கும்வரை அந்த டிஸ்க்கை நிமிர்த்தி வைத்துப் பத்திரப்படுத்துவது நல்லது. பெட்டிக்குள் மின்சாரப் பகுதி திறந்தே இருக்கும், பெரும்பாலான பிளேயர்களில் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி என்பதால், எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். குடும்பம் மறுபடியும் பார்க்க ஆசைப்படுகிற, வேறு வடிவிலும் கிடைக்கிற என்டிஎஸ்சி டிஸ்க்குகளுக்கு 3டி காம்ப் ஃபில்டர் உள்ள கருவியும் காம்போசிட் கேபிளும் தாராளமாகப் போதும். அந்தக் கருவியும் இல்லாதவர்கள் எஸ்-வீடியோவை எடுக்கலாம்.

எந்தக் கேபிளை எடுத்தாலும், பதிவைத் தொடங்கும் முன்பு கருவியின் கருமை, வெண்மை அளவுகளைச் சரிபார்த்தாக வேண்டும். அமெரிக்க என்டிஎஸ்சியில் கருமை 7.5 ஐஆர்இ (வீடியோ சிக்னலின் வெளிச்ச அளவைக் குறிக்கும் அலகு) அளவில் தொடங்குகிறது. ஜப்பானிய டிஸ்க்குகளில் அது 0. அமெரிக்க டிஸ்க்குக்குப் பொருத்திய அமைப்பிலேயே ஜப்பானிய டிஸ்க்கை எடுத்தால் இரவுக் காட்சிகளில் இருட்டு மொத்தமும் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அதுபோல, தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்காமல் விட்டால், வெள்ளை வேட்டியின் மடிப்புகள்கூட மறைந்து தட்டையாகிவிடும். ஒரு முழு இரவு ஓடிய பதிவை மறுநாள் காலையில் இந்தக் காரணத்துக்காக அழிக்க நேர்ந்தது எனக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் மிக வெளிச்சமான காட்சி ஒன்றையும் மிக இருட்டான காட்சி ஒன்றையும் தேடிப் பிடித்து, இரண்டு நிமிடம் பதிந்து, வெளிச்ச அளவைக் கோடாக வரைந்து காட்டும் வேவ்ஃபார்மில் இரண்டு முனையும் வெட்டுப்படவில்லை என்று பார்த்த பிறகே முழுப் பக்கத்தையும் ஓடவிடுகிறேன். கோப்பை எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத வடிவில், ஃபீல்டுகளைச் சேர்க்காமல், டிஸ்க்கில் இருந்தபடியே சேமித்து வைக்கிறேன். பார்ப்பதற்கான சிறிய கோப்பை அதிலிருந்து தனியாகத் தயாரித்துக்கொள்கிறேன்.